வெள்ளைச்சேலை கட்டி வந்த காலை

எங்க ஜெபவீட்டுல சாட்சி சொல்ல எந்திரிக்கிறவுக ஒவ்வொருத்தரும் பெரிய பெரிய சமாச்சாரமாச் சொல்லுவாக. ஒருத்தருக்கு டாக்டர் கைவிட்ட வியாதி குணமாச்சு, ஒருத்தருக்குக் குடி விட்டுப்போச்சு, இன்னொருத்தர் கெணத்துல விழப் போன எடத்துலருந்து திரும்பி வந்தாரு. என் முறை வந்தப்ப எனக்குச் சொல்ல என்ன இருக்கு? எனக்குத் தூக்கம் வந்துச்சு, அம்புட்டுத்தேன். அதையே சொல்லிட்டு உக்காந்துட்டேன். பின்னால இருந்த பொம்பளைக முந்தானைய வாயில வச்சுச் சிரிச்சாக. சிரிக்கட்டுமே, எனக்கென்ன.

தொண்ணூறுகளோட கடைசி அது. கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவுல, மெயின் ரோட்டைவிட்டு உள்ள தள்ளி எங்க ஊரு. எங்க வீட்டுக்காரரு லாரி டிரைவரு. தேங்காய் லோடு ஏத்திக்கிட்டு வடக்க போனாகன்னா திரும்பி வர ரொம்ப நாளாகும். அப்பல்லாம் செல்போனு ஏது? போற எடத்துல போன் கெடைச்சா பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல இருக்க எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்புட்டு, நல்லாருக்கேன்னு வீட்டுல சொல்லிருங்கன்னு வச்சிருவாக. பூத்துக்காரரு சைக்கிள்ல வந்து வாசல்ல நின்னு பெல் அடிப்பாரு. அந்தப் பெல்லுச் சத்தம் கேக்குற வரைக்கும் எனக்கு உசுரு உசுரா இருக்காது.

எங்க தெருவுலயே ஒருத்தி புருசன், குமுளி மலைப்பாதையில வண்டி உருண்டு போய்ச் சேந்தாரு. அன்னையிலருந்து எனக்குப் பயம் பிடிச்சுக்கிருச்சு. கண்ணை மூடுனா எங்க லாரி தலைகீழாக் கெடக்கும், தேங்காயெல்லாம் ரோட்டுல உருண்டு ஓடும். இதை யாருகிட்டயும் சொல்லமாட்டேன், சொன்னா பலிச்சிரும்னு ஒரு நெனப்பு. உள்ளுக்குள்ள பயம், வெளிய வாய். குழாயடியில நான் கொடத்தை வச்சுட்டா எவளும் முன்னால வரமாட்டா. ஊருக்குள்ள எனக்கு வாய்க்காரின்னு பேரு. அது பொய்யின்னு நானும் சொல்லல.

அந்த வாய்க்கு ஏத்த வாய் அதே வீட்டுக்குள்ளயே இருந்துச்சு, எங்க அத்தை, எங்க வீட்டுக்காரரைப் பெத்தவுக. ஆட்டுக்கல்லு யாருக்குன்னு ஆரம்பிச்ச சண்டையில பேச்சு நின்னு, அடுப்பு ரெண்டாகி, வீட்டுக்கு நடுவுல தட்டியும் வந்துருச்சு. சொல்ல வேண்டியதை ரெண்டு பேரும் ஆட்டைப் பாத்து, கோழியைப் பாத்துச் சொல்லிக்கிருவோம். தின்னுட்டுத் தின்னுட்டு ஊர் சுத்தப் போகுதுன்னு அவுக கோழியைத் திட்டுனா, அது யாருக்குன்னு அந்தக் கோழிக்கே தெரியும். வருசக்கணக்கா இப்படியே ஓடிக்கிட்டு இருந்துச்சு.

நான் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போவேன். பன்னீர் திராட்சை. தலைக்கு மேல பந்தல், அதுக்கு அடியில நின்னா வெயிலு பச்சையா எறங்கும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்தடிச்சதுல எலையெல்லாம் லேசா நீலம் பூத்திருக்கும். கொத்துக்குள்ள நசுங்குன காய், அழுகுன காய் பாத்துப் பாத்துக் கத்திரியால கழிக்கணும். அண்ணாந்துக்கிட்டே நின்னா கொஞ்ச நேரத்துல எல்லாம் மெதக்குறாப்புல ஆயிரும். கொளத்துக்கு அடியில நின்னுக்கிட்டு மேல பாக்குற மாதிரி இருக்கும். காத்து வந்தா எலை பூராவும் ஒண்ணாத் திரும்பும், வெளிச்சம் நம்ம மேல ஊர்ந்து போகும். எனக்கு அந்த வேலை பிடிக்கும், கூலி பத்தாட்டாலும்.

எனக்கு அடுத்த வரிசையில ஒரு அக்கா. தேவதானப்பட்டிப் பக்கத்துலருந்து வாக்கப்பட்டு வந்தவுக, ஜெபவீட்டுக்குப் போறவுக. கத்திரி ஓட ஓட வாய்க்குள்ளயே எதையோ சொல்லிக்கிட்டே இருப்பாக. பாட்டா பேச்சான்னு தெரியாது. நான் கேலி பண்ணுவேன், பந்தலுக்கு மேல யாருக்கா உக்காந்திருக்கிறது, அப்படியே நம்ம கூலியையும் ஏத்திக் கேளுங்கன்னு. அவுக கோவிச்சுக்கிட்டதே இல்ல. அதுல எனக்கு இன்னும் ஆத்திரமா வரும். சண்டைக்கே வராதவுககூட மனுசி என்னதான் செய்யிறது?

ஒரு தடவை எங்க வீட்டுக்காரரு வடக்க போயி ரொம்ப நாளா போனே இல்ல. எனக்குப் பொட்டுத் தூக்கம் கெடையாது. மறுநாள் தோட்டத்துல என் கத்திரி நல்ல காயா வெட்டி வெட்டிக் கீழ போடுது. என்ன புள்ளன்னு அக்கா வந்து கேட்டாக. எனக்கு என்ன ஆச்சோ, எவகிட்டயும் சொல்லாததை அவுககிட்டச் சொல்லிட்டேன். லாரி, மலைப்பாதை, உருளுற தேங்காய், எல்லாத்தையும். அவுக புத்திமதி எதுவும் சொல்லல. பிசுபிசுத்த கைய என் தலையில வச்சுக் கண்ணை மூடிக்கிட்டாக.

"இவளுக்குப் பதிலா நீரு முழிச்சிருங்கய்யா. இவ கொஞ்சம் தூங்கட்டும்."

அம்புட்டுத்தேன் ஜெபம். நான் அங்கனயே பந்தக்காலுல சாஞ்சு உக்காந்தேன். உக்காந்தது தெரியும், தூங்குனது தெரியாது. கனவுல எதுவும் வரல, யாரும் வரல. பச்சை வெளிச்சம் மட்டும் உள்ள வந்து, உள்ளேயே தங்கிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. முழிச்சப்ப பொழுது சாஞ்சு போச்சு. பக்கத்துல யாரோ இம்புட்டு நேரம் உக்காந்திருந்துட்டு இப்பத்தான் எந்திரிச்சுப் போனாப்புல அந்த எடம் கதகதன்னு இருந்துச்சு. தொட்டுப் பாத்தேன், சத்தியமா. என் வரிசையையும் சேத்து அக்காவே முடிச்சு வச்சிருந்தாக. கங்காணி வந்து, தோட்டத்துக்கு வந்தியா, படுக்க வந்தியான்னு கத்துனாரு. நான் சரிங்கய்யான்னு தலையாட்டிட்டுக் கத்திரிய எடுத்தேன். அவரே அரண்டு போயி, ஒடம்புக்கு முடியலையான்னு கேட்டாரு.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கெழமை ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பிச்சேன். தகரக் கூரை, சாணி மொழுகுன தரை, ஒரு டோலக்கு. மழை பேஞ்சா பாஸ்டரையா பேசுறது ஒண்ணும் கேக்காது, தகரச் சத்தந்தேன் பிரசங்கம். எனக்கு அதுவே போதும். தேடிப் போயி எதையும் கண்டுபிடிச்ச மாதிரி எனக்குத் தோணல, என்னை யாரோ முன்னாலயே தெரிஞ்சு வச்சிருந்த மாதிரித்தேன் இருந்துச்சு. அந்தத் தடவை பத்திரமா வந்து சேந்த எங்க வீட்டுக்காரருகிட்டச் சொன்னப்ப, சண்டை இழுக்காம இருந்தாச் சரின்னு சொல்லிட்டாக. அத்தை மட்டும் ஆட்டைப் பாத்து, வேதத்துல சேந்துட்டா கொம்பு மொளச்சிருமாக்கும்னு கேட்டாக.

அந்த வருசம் அணை தெறந்து முல்லையாத்துல தண்ணி வந்ததும், ஞானஸ்நானம் எடுக்கிறவுக பேரு குடுங்கன்னு பாஸ்டரையா கேட்டாரு. நான் குடுத்துட்டேன். எங்க வீட்டுக்காரரு அப்ப வண்டியில வடக்க போயிருந்தாக. வந்ததும் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அத்தைகிட்டச் சொல்ற பேச்சே இல்ல.

விடிஞ்சும் விடியாத நேரம். மேக்க மலையிலருந்து சாரல் எறங்கிக்கிட்டு இருக்கு. தென்னந்தோப்புக்குள்ள போயி, ஜெபவீட்டுல குடுத்த வெள்ளைச்சேலைய கட்டிக்கிட்டோம். கண்ணாடி வளையல் தண்ணியில ஒடஞ்சிரும்னு கழட்டி, கட்டிட்டு வந்த சேலையோட பையில போட்டேன். தாலிக்கயிறை ஜாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டேன். தண்ணி சில்லுன்னு இடுப்பு வரைக்கும் ஏறுச்சு. பாஸ்டரையா என் முதுகுல கைய வச்சுச் சாய்ச்சாரு. உள்ள போனதும் சத்தமெல்லாம் நின்னுபோச்சு. கண்ணைத் தொறந்தேன். மேல ஆகாசம் பழுப்பா, வளைஞ்சு வளைஞ்சு போகுது. இப்படியே இருந்தாலும் சரின்னு இருந்துச்சு. தூக்கி நிறுத்துனப்ப சாரலும் ஆத்துத் தண்ணியும் என் கண்ணீரும் எது எதுன்னு தெரியல. என் பயம் பூராவும் என்னைவிட்டுக் கழண்டு வைகையைப் பாத்துப் போயிக்கிட்டு இருக்குன்னு நெனச்சேன். எம்புட்டு சந்தோசம் தெரியுமா? அதைச் சொல்ல இன்னைக்கும் எனக்கு வாய் பத்தாது.

அந்தச் சந்தோசத்துலதேன் எல்லாம் கெட்டுச்சு. தோப்புக்குள்ள போயிச் சேலைய மாத்தணும்ங்கிற நெனப்பே எனக்கு வரல. கரை வழுக்குதுன்னு தோட்டத்து அக்கா ஒரு கையையும் இன்னொரு சகோதரி ஒரு கையையும் பிடிச்சுக்கிட்டாக. அவுகளும் பாடிக்கிட்டே வந்த மெதப்புல என் சேலையப் பாக்கல. வாய்க்கா பிரியிற எடத்துல அவுக அங்கிட்டுப் போக, நான் ஈரச் சேலையோட எங்க தெருவுக்குத் திரும்புனேன்.

எங்க பக்கத்துல ஒருத்திக்குப் புருசன் போயிட்டா, அவளை ஆத்துக்குக் கூட்டிப் போயித் தலைமுழுக வச்சு, வளையலை ஒடச்சு, பொட்டை அழிச்சு, வெள்ளைச்சேலை சுத்தி, ரெண்டு பக்கமும் ரெண்டு பொம்பளைக கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டு வருவாக. பொறந்ததுலருந்து நானே எத்தனை பேரைப் பாத்திருக்கேன். அன்னைக்கு அதே கோலத்துல நான் வாரேன்னு எனக்குத் தெரியல.

பாலத்துக்குப் பக்கத்துல புல்லறுத்துக்கிட்டு இருந்த ஒரு பெரியம்மா, ரெண்டு பேரு என்னைக் கைபிடிச்சுக் கூட்டியாந்ததைத் தூரத்துலருந்தே பாத்துட்டு அருவாளைக் கீழ போட்டுட்டு ஓடி வந்து கட்டிக்கிட்டு அழுதாக. நானும் இறுக்கிக் கட்டிக்கிட்டேன். ஆண்டவரு இவுகளையும் தொட்டுட்டாரு போலன்னு நெனச்சேன், கூத்தைப் பாத்தீகளா! டீக்கடையில பேப்பர் படிச்சவுக எந்திரிச்சு நின்னாக. குழாயடியில என்கூட மல்லுக்கு நிக்கிறவ ஒருத்தி கொடத்தை அப்படியே விட்டுட்டு வாயில அடிச்சுக்கிட்டா. அப்பவும் எனக்கு ஒறைக்கல. ஊரே மெத்து மெத்துன்னு இருக்கு, தரையில கால் பாவல, அப்படியே மெதந்து போயிக்கிட்டு இருக்கேன்.

எனக்கு முன்னாலயே சேதி வீட்டுக்குப் போயிருச்சு. எங்க அத்தை வாசல்ல நின்னாக. என்னைத் தலையிலருந்து கால் வரைக்கும் பாத்தாக. அடியில வெட்டுன மரமாட்டம் அப்படியே முன்னால சரிஞ்சாக. ஓடிப் போயித் தாங்குனேன். அவுக ஒடம்பை நான் அதுக்கு முன்னால தொட்டதே இல்ல. கோழிக்குஞ்சு கனங்கூட இல்ல அவுக. என் வெள்ளைச்சேலைய ரெண்டு கையாலயும் பிடிச்சு மூஞ்சியில வச்சுக்கிட்டு, என் மகனே என் மகனேன்னு ஒரு சத்தம் போட்டாக பாருங்க, அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

அத்தே, அவுகளுக்கு ஒண்ணுமில்ல, நான் ஞானஸ்நானம் எடுத்துட்டு வாரேன்னு காதுக்குள்ள கத்துறேன். ஜாக்கெட்டுக்குள்ள இருந்த கயிறை எடுத்துக் காட்டுறேன். கூட்டம் கூடிருச்சு, ஒப்பாரி ஆரம்பிச்சிருச்சு, யாரு கேக்குறா? கடைசியா விசயம் புரிஞ்சதும் ஒப்பாரி நின்னு, ஏச்சு ஆரம்பிச்சுது. அத்தை என்னைத் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சாக. ஆட்டையும் பாக்கல, கோழியையும் பாக்கல. வருசக்கணக்குக்கு அப்புறம் என் மூஞ்சியப் பாத்துப் பேசுனாக.

"கட்டுனவன் உசுரோட இருக்கையில வெள்ளை சுத்திட்டு வந்தியேடி. எம்மகன் திரும்பி வரலைன்னா அது உன்னாலதேன்."

தெருவே ஆமான்னு தலையாட்டுச்சு. பூத்துக்கு ஆள் ஓடுச்சு. போன் வந்துச்சான்னு கேட்டா, அவுக போனதுலருந்து ஒரே ஒரு தடவைதான், அதுக்கப்புறம் இல்லைன்னு பூத்துக்காரரு சொன்னாராம். லாரி ஓனரைக் கேட்டா, வடக்க பேய்மழை, ரோடெல்லாம் அடைச்சுக் கெடக்கு, எனக்கும் தகவல் இல்லைன்னாராம். தண்ணியில போயிருச்சுன்னு நெனச்ச பயம் பூராவும் எனக்கு முன்னாலயே வீடு வந்து சேந்து, சம்மணம் போட்டு உக்காந்திருச்சு.

சேலைய மாத்திட்டு மூலையில உக்காந்து ஆண்டவரோட சண்டை போட்டேன். ஆமா, சண்டைதேன். ஒரு பொழுதுகூடவா தாங்காது உம்ம காரியம்னு கேட்டேன். சமாதானம் சமாதானம்னு பாடுனாகளே, அது எங்கன்னு கேட்டேன். பந்தலுக்கடியில வந்த அந்தப் பச்சை வெளிச்சத்தை நெனச்சு நெனச்சுப் பாத்தேன், வரவே இல்ல. பாஸ்டரையா சைக்கிள்ல ஆறுதல் சொல்ல வந்தவரை எங்க தெருப் பொம்பளைக வாசல்லயே நிறுத்தி, வாயில வந்ததெல்லாம் சொல்லி அனுப்பிட்டாக. மத்த நேரமா இருந்தா நான் எறங்கி ஒரு கை பாத்திருப்பேன். அன்னைக்கு அந்த மூலைய விட்டு எந்திரிக்கல.

அத்தை சோறு தண்ணியில்லாம வாசக்கதவுல சாஞ்சு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாக. மறுநாளும் அப்படியே. பூத்துக்காரரு சைக்கிள் வரவே இல்ல. நான் கஞ்சி காச்சிக் கொண்டுபோயிப் பக்கத்துல வச்சேன். காலால தள்ளிவிட்டாக. தொடச்சிட்டு, திரும்பக் காச்சி வச்சேன். அதையும் தள்ளுனாக. எனக்குக் கோவம் வரணுமே? வரல. அவுக கண்ணைப் பாத்தேன். அது என் கண்ணு. எந்நேரமும் ரோட்டைப் பாத்து முழிச்சிருக்கிற கண்ணு. அவுகளும் இத்தனை வருசமா தட்டிக்கு அங்கிட்டு இப்படித்தேன் முழிச்சுக் கெடந்திருக்காக. என் புருசன் என் புருசன்னு பயந்தேனே ஒழிய, அவுக பெத்த மகனும் அதே லாரியில போறாருன்னு நான் ஒரு தடவைகூட நெனச்சதில்ல. எப்பேர்ப்பட்ட கிறுக்கி நான்!

மத்தியானம் அத்தை கோயிலுக்குப் போயி, நேந்துக்கிட்டுக் காசு முடிஞ்சு வச்சுட்டு வந்தாக. வந்து உக்காந்து, கட்டிக்கெடந்த ஆட்டைப் பாத்துச் சொன்னாக.

"எஞ்சாமிகிட்ட நான் சொல்லிட்டேன். அவ சாமிகிட்ட அவளையும் சொல்லச் சொல்லு. யாரு கேட்டாலும் சரி."

நான் போயி அவுக பக்கத்துல உக்காந்தேன். ஜெபம் பண்ண எனக்குப் பெருசாத் தெரியாது. என் புருசனைக் காப்பாத்துன்னு கேக்கத்தான் வாயத் தொறந்தேன். வந்தது வேற. இந்தப் பொம்பளையோட மகனைக் கொண்டாந்து சேருங்கய்யா, இவுக பாவம், சாப்புடல, தூங்கல, இவுகளுக்குப் பதிலா நீரு முழிச்சிருங்கன்னு வந்துச்சு. சொல்லச் சொல்ல எனக்குள்ள எதுவோ தளர்ந்துச்சு. பயம் போயிருச்சுன்னு பொய் சொல்லமாட்டேன், அது அங்கனயேதான் இருந்துச்சு. ஆனா அது மட்டுமே நான் இல்லைன்னு ஆச்சு.

கொஞ்ச நேரத்துல என் தோள்ல ஒரு பாரம். அத்தை தூங்கிட்டாக. வாய் லேசாத் தொறந்து, சின்னப்புள்ள மாதிரி. சாரல் நின்னு, தென்னை மட்டையெல்லாம் சொட்டிக்கிட்டு இருந்துச்சு. வாசல்ல தேங்கின தண்ணியில ஆகாசம் கெடந்துச்சு, கோழி வந்து அதைக் கொத்தும், ஆகாசம் நெளியும், திரும்பச் சேந்துக்கிரும். நான் அதையே பாத்துக்கிட்டு அசையாம இருந்தேன். கால் மரத்துப்போச்சு. எம்புட்டு நேரம்னு தெரியாது, உலகத்துல வேற யாருமே இல்லாத மாதிரி இருந்துச்சு. பந்தலுக்கடியில அன்னைக்கு எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவருக்கும் இப்படித்தேன் கால் மரத்திருக்குமோன்னு ஒரு நெனப்பு ஓடுச்சு.

அடுத்த நாள் காலையில தெருமுக்குல ஒரே கூச்சல். பஸ்ஸை விட்டு எறங்குன எங்க வீட்டுக்காரரைப் பாத்துப் பூத்துக்காரரு பேயடிச்சாப்புல நின்னாராம். வழி நெடுக ஆளாளுக்கு நிறுத்தி, நீ செத்த கதை தெரியுமான்னு அவுககிட்டயே சொல்லி அனுப்பியிருக்காக. அத்தை ஓடிப் போயி அவுக மூஞ்சி, கை, காலுன்னு தடவித் தடவிப் பாத்தாக. சூடு இருக்கான்னு பாக்குற மாதிரி.

நான் முழுக்கு எடுத்த நேரத்துல எங்கன இருந்தீகன்னு கேட்டேன். வண்டி ஏதாச்சும் ஆபத்துலருந்து தப்பிப் பொழச்சிருக்கும், சாட்சி சொல்ல வசதியா இருக்குமேன்னு உள்ளுக்குள்ள ஒரு ஆசைதேன். பாலத்துல தண்ணி ஏறி வண்டியெல்லாம் நின்னுச்சு, போன் லைன் அத்துப்போச்சு, லாரிக்குக் கீழ துண்டை விரிச்சுத் தூங்கிட்டேன், வேறென்னன்னு கேட்டாக. தூங்குனாகளாம்!

செம்புத் தண்ணியக் குடிச்சுட்டு, கீழ வச்சாக. என்னைப் பாக்காம, செம்பைப் பாத்துக்கிட்டே கேட்டாக. ஞானஸ்நானத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. தெருவுல யாரோ சொன்னது மனசுல முள்ளாக் கெடந்திருக்கு.

"நான் செத்துட்டேன்னு ஊரே அழுதுச்சாம். நீ மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையாமே?"

என்னத்தைச் சொல்ல? எங்கருந்து ஆரம்பிக்க? வாய்க்காரி நான், காலிச் செம்பை எடுத்து முந்தானையால தொடச்சுக்கிட்டு நிக்கிறேன். தட்டிக்கு அங்கிட்டுருந்து அத்தை பேசுனாக.

"அவ எங்கிட்டுடா அழுவா? விழுந்து கெடந்த என்னையப் பிடிக்கவே அவளுக்கு ரெண்டு கையும் பத்தல."

எங்க வீட்டுக்காரரு தட்டியப் பாத்தாக, என்னையப் பாத்தாக. அதுக்கப்புறந்தேன் எனக்கு அழுகை வந்துச்சு.